தப்பான விடையை வைத்தே காரணத்தைப் பிடிப்பது எப்படி: கழித்தல் முதல் சமன்பாடு வரை

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலோ டியூஷனிலோ கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்து, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 மாதிரியான தேர்வுக்காகக் கணக்குப் புத்தகத்தைத் திரும்பத் திறப்பவர்களுக்கும் இது உதவும். அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுப் பகுதியிலிருந்து வருகின்றன. அதில் தடுமாறுபவர்கள் பலருக்கும் சிக்கல் புதிய பாடத்தில் இல்லை, ஆறாம் வகுப்பில் சரியாக உட்காராத ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது.

பிள்ளை தப்பாகப் போட்டால் நாம் வழக்கமாகச் சொல்வது இரண்டுதான். "கவனம் இல்ல." "இன்னும் நிறைய போட்டுப் பாரு." இரண்டுமே பெரும்பாலும் பயன் தருவதில்லை. தப்பான விடைக்குப் பின்னால் பல நேரம் ஒரு விதி இருக்கிறது. பிள்ளை அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றித்தான் அந்த விடைக்கு வந்து சேர்கிறது. அதே மாதிரி இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்தால் தப்பான விதி ஐம்பது தடவை பழகும், அவ்வளவுதான். 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளைக் கணினி நிரலில் வரும் பிழைகளைப் போலவே அணுகி, எந்தத் தப்பு விதியிலிருந்து எந்த விடை வரும் என்று வகைப்படுத்திக் காட்டினார்கள். அந்த வேலையை நோட்டும் பேனாவும் வைத்து நாமே வீட்டில் செய்யலாம்.

முதலில் சோதனை

ஒரு தப்பு கண்ணில் பட்டதும் திருத்த ஆரம்பிக்க வேண்டாம். அதே வகையில் இன்னும் மூன்று கணக்கு கொடுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி தப்பு வந்தால் அது விதி. கீழே உரிய தலைப்புக்குப் போங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் கை தவறியிருக்கிறது; அதற்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, விடையைச் சரிபார்க்கும் பழக்கம் போதும்.

அடுத்து, "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேளுங்கள். "ஏன் தப்பாச்சு" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சரியாகப் போட்ட கணக்குக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி வந்தாலே தப்பு என்று அதற்குத் தெரிந்துவிடும், உடனே அழித்துவிட்டு வேறு எதையாவது எழுதும். அழிப்பானை எடுத்து வைத்துவிடுங்கள். தப்பை ஒரே கோடாக அடிக்கச் சொல்லுங்கள். அடித்த வரி உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று: புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று வரும் மாறிகளுக்கு இங்கே தமிழ் எழுத்துகளைப் போட்டிருக்கிறேன். எந்த எழுத்தாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். எழுத்தை மாற்றியவுடன் பிள்ளை தடுமாறினால் அதுவே ஓர் அறிகுறி: மாறி என்றால் எண்ணுக்கான இடம் என்பது இன்னும் பிடிபடவில்லை.

அறிகுறி: 503 − 168 தப்பாக வருகிறது

சரியான விடை 335. ஆனால் பிள்ளை எழுதிய தப்பு விடை எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

465 என்று வந்திருந்தால், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 8-லிருந்து 3, 6-லிருந்து 0, 5-லிருந்து 1. எது மேலே, எது கீழே என்ற பார்வையே இல்லை. "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று சின்ன வகுப்பில் கேட்டதை இறுகப் பிடித்துக்கொண்ட பிள்ளை இது.

435 என்று வந்திருந்தால், கடன் வாங்கத் தெரிகிறது, நடுவில் உள்ள பூஜ்ஜியம் 9 ஆகும் என்பதும் தெரிகிறது. நூறாம் இடத்து 5-ஐ 4 ஆக்க விட்டுவிட்டது. பூஜ்ஜியம் ஏன் 9 ஆகிறது என்று தெரியாமல் மனப்பாடம் செய்ததால் வருவது.

345 என்று வந்திருந்தால், 5-ஐ 4 ஆக்கிவிட்டது, பூஜ்ஜியத்தைப் 10 ஆக்கிவிட்டது, ஒன்றாம் இடத்துக்கும் பத்தைக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகு பத்தாம் இடத்தில் 9 தான் மிச்சம் என்பதை விட்டுவிட்டது.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான், ஆனால் தொடங்கும் இடம் வேறு. காகிதத்தைக் கிழித்து 100, 10, 1 என்று எழுதிச் சீட்டுகள் செய்யுங்கள். ஐந்து நூறும் மூன்று ஒன்றும் பிள்ளையின் கையில். "எனக்கு 168 கொடு." எட்டு ஒன்றுகள் அதனிடம் இல்லை, சில்லறை மாற்ற வேண்டும். பத்தும் இல்லை, அதனால் ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்துகள், அதில் ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகள். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. நோட்டில் 4, 9, 13 என்று எழுதுவது இதைத்தான் என்று அதுவே பார்த்துச் சொல்ல வேண்டும். 465 போட்ட பிள்ளைக்கு 52 − 27 மாதிரி இரண்டு இலக்கத்தில் தொடங்குங்கள். மற்ற இருவருக்கும் நேரே பூஜ்ஜியம் உள்ள கணக்குகள்: 700 − 245, பிறகு 4002 − 1567.

சரிபார்க்க, கடைக்காரர் மீதி கொடுக்கும் முறையைக் கற்றுக் கொடுங்கள். 168-லிருந்து 170-க்கு 2, 200-க்கு 30, 503-க்கு 303. கூட்டினால் 335. எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். கடனே வாங்காமல் விடை வந்து நிற்கிறது, பிள்ளைக்கும் கழித்தல் என்றால் இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம் என்பது புரிகிறது. பின்னால் குறை எண்கள் வரும்போது அந்தப் புரிதல் கைகொடுக்கும்.

அறிகுறி: வாய்ப்பாடு முழுசாகச் சொல்கிறது, 7 × 8 என்று கேட்டால் நிற்கிறது

ஓரேழ் ஏழு என்று ஆரம்பித்துத்தான் எட்டுக்கு வர முடிகிறது. பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கிறது, தனித்தனியாக எடுக்க வரவில்லை. இதோடு வகுத்தல், பின்னம், காரணிப்படுத்தல் எதற்குப் போனாலும் மூச்சு வாங்கும்.

எல்லா வாய்ப்பாட்டையும் திரும்ப முதலிலிருந்து ஒப்பிக்க வைக்காதீர்கள். 2 முதல் 9 வரை எடுத்துக்கொண்டால் 64 பெருக்கல்கள். 7 × 8-ம் 8 × 7-ம் ஒன்று என்று தெரிந்தாலே 36 ஆகிவிடும். இரண்டாம் வாய்ப்பாடும் ஐந்தாம் வாய்ப்பாடும் அநேகமாக எல்லோருக்கும் வரும். ஒன்பதைப் பத்திலிருந்து கழித்துப் பெறலாம்: 9 × 7 என்றால் 70 − 7. மிஞ்சுவது 15 மட்டும். 3, 4, 6, 7, 8 ஆகியவற்றைத் தங்களுக்குள் பெருக்கி வருபவை. இந்தப் பதினைந்தைச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கேளுங்கள். தயங்காமல் வந்ததைத் தனியே வையுங்கள். அடுத்த நாள் ஒரு தடவை, சில நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை கேட்டால் போதும். தயங்குவதை மட்டும் தினமும்.

தலைகீழாகவும் கேட்க வேண்டும். "56 எந்த இரண்டின் பெருக்கல்?" வகுத்தலுக்கு வேண்டியது இந்தத் திசைதான். நாம் கேட்பதோ எப்போதும் மற்ற திசையில்.

அறிகுறி: 824 ÷ 4 = 26

ஈவில் பூஜ்ஜியம் விழுந்துபோனது. 2-ல் 4 போகாது என்றதும் அடுத்த இலக்கத்தை இறக்கிவிட்டது, போகாது என்பதை எழுதவில்லை. வகுக்கத் தொடங்கும் முன்பே "விடை சுமாரா எவ்வளவு?" என்று கேளுங்கள். 800-ஐ நாலாப் பிரித்தால் 200. அப்படியானால் 26 வர வழியே இல்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் மேலே ஒரு கட்டம் போட்டு, ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று சொன்னால் சில நாளில் சரியாகிவிடும்.

அறிகுறி: 1/2 + 1/4 = 2/6

நோட்டை மூடி வைத்துவிட்டு வாயால் கேளுங்கள்: "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?" முக்கால் என்று சட்டென்று வரும். அரை லிட்டரும் கால் லிட்டரும் முக்கால் லிட்டர் என்பது கடைக்குப் போய்வரும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். காகிதத்தில் எழுதியதும் அந்த அறிவு ஓடிவிடுகிறது. திண்ணைப் பள்ளிக் காலத்து எண்சுவடியில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னங்களுக்குப் பெயர் இருந்தது. பிள்ளைகள் அவற்றைப் பொருளாகவே கையாண்டார்கள். இப்போது முதல் நாளே மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று எழுதிக் காட்டிவிடுகிறோம். பிள்ளை அதை இரண்டு தனித்தனி எண்களாகப் பார்த்து, தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி என்று கூட்டுகிறது.

அதனால் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கும் முறையைத் திரும்பச் சொல்வதற்கு முன்பு, அளவு தெரிகிறதா என்று பாருங்கள். 2/6 என்றால் மூன்றில் ஒன்று. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அரையை விடக் குறைந்துவிட்டதே, எப்படி? இந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்டுக்கொள்ளும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். கூட்டாமலே ஊகிக்கச் சொல்லும் கணக்குகள் கொடுங்கள். 5/6 + 7/8 எதற்குக் கிட்டே வரும்? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. 12/14 என்று எழுதிய பிள்ளை தானே விழித்துக்கொள்ளும்.

அளவு பிடிபட்டபின் காகித மடிப்பு: ஒரு துண்டை இரண்டாக மடித்து, திரும்ப இரண்டாக மடித்தால் ஓர் அரையில் இரண்டு கால் தெரியும். 1/2 என்பதை 2/4 என்று ஏன் எழுதலாம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறகு 2/3 + 1/5 = 10/15 + 3/15 = 13/15 மாதிரி மடிக்க முடியாதவற்றுக்குப் போகலாம்.

கூட்டல் சரியானதும் 2/3 × 1/5 என்பதற்கும் பகுதிகளைச் சமமாக்க உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. விடை தப்பாகாது, நேரம்தான் போகும். "மூன்றில் இரண்டு பங்கில் ஐந்தில் ஒரு பங்கு" என்று வாயால் சொல்லச் சொன்னால் போதும்.

அறிகுறி: 0.35 பெரியதா 0.7 பெரியதா என்றால் 0.35 என்கிறது

35 ஏழை விடப் பெரிது என்று பார்த்திருக்கிறது. 0.7-க்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 0.70 என்று எழுதினால் சரியாகும். ரூபாய், பைசா உதாரணத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் எப்போதும் இரண்டு இலக்கம்தான், அதனால் 0.125-ஐயும் 0.5-ஐயும் ஒப்பிடும்போது திரும்ப அதே குழி. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று இடமதிப்புக் கட்டத்தில் எழுத வைப்பது நல்லது.

அறிகுறி: −3 − 5 = 8

"மைனஸ் மைனஸ் பிளஸ்." இந்த மூன்று வார்த்தைகள் செய்திருக்கும் சேதம் கொஞ்சமல்ல. இது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள விதி. இரண்டு குறிகள் பக்கத்தில் ஒட்டி வரும்போதும், அதாவது −3 − (−5) என்பதிலும், பொருந்தும். தாளில் எங்கேயாவது இரண்டு மைனஸ் தெரிகிறது என்பதற்காக மட்டும் பொருந்தாது. பிள்ளைக்கோ அந்த எல்லை தெரியாது. இரண்டு மைனஸைப் பார்த்தால் போதும், பிளஸ் போட்டுவிடும்.

இந்த நான்கையும் வரிசையாகக் கொடுங்கள்: 3 − 5, −3 + 5, −3 − 5, (−3) × (−5). விடைகள் −2, 2, −8, 15. கடைசி மட்டும் சரி, மூன்றாவது 8 என்றால் சந்தேகமே வேண்டாம், அந்த விதிதான். முதலாவதே 2 என்று வந்தால் சிக்கல் இன்னும் பின்னால் இருக்கிறது: கழித்தலில் 465 எழுதிய அதே பிள்ளைதான் இது. அந்தத் தலைப்புக்குத் திரும்பிப் போய் வாருங்கள்.

எண்கோடு நல்லது. அதை விட வேகமாகப் பிடிபடுவது கடன். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தம் பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் குறை எண்களுக்கு விதி எழுதியபோது மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும்தான் வைத்தார். கடனும் கடனும் சேர்ந்தால் கடன். ஒருவரிடம் 3 ரூபாய் கடன் இருக்கிறது, மேலே 5 ரூபாய் கடன் வாங்கினார். கையில் 8 ரூபாய் வந்துவிடுமா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது. −3 − (−5) என்பது 5 ரூபாய் கடனை ரத்து செய்வது. அதனால் 2 ரூபாய் மேலே வருகிறது.

பெருக்கலில் ஏன் மிகை வருகிறது என்பதைக் கடனை வைத்துச் சொல்லப் போனால் வலிந்து இழுப்பதாக ஆகிவிடும். அதற்கு வரிசையே போதும். 3 × (−5) = −15, 2 × (−5) = −10, 1 × (−5) = −5, 0 × (−5) = 0. ஒவ்வொரு படியிலும் 5 கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−5). அங்கே என்ன வர வேண்டும் என்று பிள்ளையே சொல்லட்டும்.

சில வாரங்களுக்கு "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்று சொல்வதையே வீட்டில் நிறுத்திவிடுங்கள். "கடனோடு கடன் சேர்க்கிறோமா, பெருக்குகிறோமா?" என்று கேளுங்கள்.

அறிகுறி: 10 − 3 + 2 = 5, அல்லது 2 + 3 × 4 = 20

இரண்டும் எதிரெதிர்த் திசைத் தப்புகள். முதலாவது போட்மாஸை (அடைப்பு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசையை நினைவில் வைக்கும் சொல்) எழுத்து வரிசையாகப் படித்ததால் வந்தது: கூட்டல் முன்னால் வருகிறது, அதனால் 3 + 2 முதலில். உண்மையில் கூட்டலும் கழித்தலும் ஒரே தட்டு, இடமிருந்து வலமாகப் போக வேண்டும், விடை 9. பெருக்கலும் வகுத்தலும் அப்படியே. 12 ÷ 3 × 2 என்றால் 8. இரண்டாவது, வரிசையே தெரியாமல் இடமிருந்து வலமாகப் போனது; பெருக்கலை முதலில் செய்தால் விடை 14. இங்கே சாதாரண மேஜை கால்குலேட்டரும் பிள்ளையைக் குழப்பும்: அதில் அப்படியே தட்டினால் 20 வரும். செல்போனில் உள்ளதில் பெரும்பாலும் 14. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

அறிகுறி: 8 + 4 = □ + 5, கட்டத்தில் 12

இயற்கணிதம் வராத பிள்ளைக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு இது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இதில் 12 எழுதலாம், ஆச்சரியப்பட வேண்டாம். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 எழுதுவார்கள். சரியான விடை 7.

ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறி எப்போதும் கணக்கின் கடைசியில்தான் வந்திருக்கிறது. 8 + 4 = என்றதும் விடை எழுத வேண்டும். அதனால் சமக்குறி என்றால் "விடை இதோ" என்ற கட்டளை என்று மனதில் பதிந்திருக்கிறது. 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் இந்தக் குறியை முதலில் அச்சில் கொண்டுவந்தபோது இரண்டு இணைகோடுகளை எடுத்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதுதான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மதிப்பு. இது பிடிபடாத பிள்ளைக்கு 2க + 3 = 11 என்பதற்கு அர்த்தமே இல்லை, அங்கே விடைதான் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே!

நோட்டில் இன்னோர் அடையாளமும் தெரியும்: 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று ரயில் மாதிரி ஓடும் வரி. விடை சரி என்பதால் நாமும் டிக் போட்டுவிடுகிறோம். 5 + 3 என்பது 12 என்று அந்த வரி சொல்கிறது. ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுத வைக்க வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள்.

பயிற்சி இரண்டு வகை. ஒன்று, சரியா தப்பா: 7 = 7, 9 = 4 + 5, 6 + 2 = 5 + 3, 6 + 2 = 8 + 1. "9 = 4 + 5 திருப்பி எழுதியிருக்கு, தப்பு" என்று பிள்ளை சொன்னால் நோய் அங்கேதான். மற்றது, கூட்டிப் பார்க்காமல் நிரப்புவது: 37 + 28 = 36 + □. இடப்பக்கத்தில் 37, வலப்பக்கத்தில் 36. ஒன்று குறைந்தது, அதனால் மற்றது ஒன்று கூட வேண்டும், 29. இதைச் சொல்லும் பிள்ளை இயற்கணிதத்துக்குள் காலெடுத்து வைத்துவிட்டது.

அறிகுறி: 3க + 2 = 5க

விடை ஒரே உறுப்பாக முடிய வேண்டும் என்ற பழக்கத்திலிருந்து வருவது. நடுவில் கூட்டல் குறி தொங்கிக்கொண்டிருந்தால் கணக்கு முடியவில்லை என்று பிள்ளைக்குத் தோன்றுகிறது. "ஒத்த உறுப்புகளை மட்டும்தான் சேர்க்கலாம்" என்று விதியைச் சொல்வதை விட, எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். க என்பது 10 என்றால் 3க + 2 = 32, 5க = 50. ஒன்றில்லை. 1-ஐ மட்டும் போட வேண்டாம், அதில் இரண்டும் 5 ஆகி ஏமாற்றிவிடும். 10 நல்ல எண். கணக்கும் சுலபம், தப்பும் தெளிவாகத் தெரியும்.

"மூணு ஆப்பிளும் ரெண்டு ஆரஞ்சும் சேராது" என்று விளக்குவது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் க என்பது ஒரு பொருள் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கிவிடும். க என்பது பேனா இல்லை, ஒரு பேனாவின் விலை. 3க என்பது மூன்று பேனாக்களுக்குக் கொடுத்த ரூபாய். இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் வாக்கியக் கணக்கில் வந்து நிற்கும்.

அறிகுறி: 2(க + 3) = 2க + 3

முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு நகர்ந்திருக்கிறது. இதே பிள்ளை 7 × 23 என்றால் 140-ம் 21-ம் கூட்டி 161 என்று சரியாகச் சொல்லும். இரண்டும் ஒரே வேலை என்பதைக் காட்டுங்கள்: 7(20 + 3) = 7 × 20 + 7 × 3. பங்கீட்டுப் பண்பு என்ற பெயர் அப்புறம் வரட்டும். ஒரு செவ்வகம் வரைந்து, நீளத்தை க, 3 என்று இரண்டாகப் பிரித்து, அகலம் 2 என்று போட்டால் இரண்டு அறைகளுக்கும் பரப்பு வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும்.

(க + 3)² = க² + 9 என்பதும் இதே குடும்பம். திரும்ப 10-ஐப் போடுங்கள்: 13-ன் வர்க்கம் 169, 100 + 9 = 109. 60 எங்கே போனது? பக்கம் க + 3 உள்ள சதுரம் வரைந்தால் இரண்டு மூலைகளில் 3க, 3க என்று அந்த 60 உட்கார்ந்திருக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளையும் இந்தப் படத்தை ஒரு தடவை வரைய வேண்டும்.

−(க − 4) = −க − 4 என்று வந்தால் அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள மைனஸ் உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் போய்ச் சேரவில்லை. முன்னால் ஒரு 1 எழுத வைத்து, −1(க − 4) என்று பெருக்கச் சொல்லுங்கள். −க + 4 வரும்.

அறிகுறி: 3க = 12, க = 9

"அந்தப் பக்கம் போனா குறி மாறும்." பெருக்கலாக இருந்த 3 அந்தப் பக்கம் கழித்தலாகப் போய்விட்டது. இன்னொரு பிள்ளை க = −4 என்று எழுதும்; அது வகுத்ததும் சரி, குறியை மாற்றியதும் "விதிப்படி" சரி.

எண்கள் அந்தப் பக்கம் தாவுவதில்லை. இரண்டு தட்டிலும் ஒரே வேலையைச் செய்தால் தராசு சமமாக நிற்கிறது, அவ்வளவுதான் நடப்பது. 2க + 3 = 11 என்றால் இரண்டு பக்கமும் 3-ஐக் கழி: 2க = 8. இரண்டு பக்கமும் 2-ஆல் வகு: க = 4. கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன செய்தோம் என்று எழுத வைக்க வேண்டும். நீளமாக இருக்கிறது என்று பிள்ளை முணுமுணுக்கும். பரவாயில்லை. தடுமாற்றம் நின்றபின் குறுக்குவழியை அதுவே கண்டுபிடிக்கும், அப்போது அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்திருக்கும்.

சமன்பாட்டில் பெரிய வசதி, விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. 9-ஐ 3க-வில் போட்டால் 27, 12 இல்லை. விடையைப் போட்டுப் பார்த்த வரியையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கணக்கு வருகிறது, வாக்கியக் கணக்கு வரவில்லை

"ராணியிடம் 15 மணிகள். இது மீனாவிடம் இருப்பதை விட 6 அதிகம். மீனாவிடம் எத்தனை?" அதிகம் என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 21 எழுதுகிறது. "அதிகம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி" என்ற பட்டியலை யாரோ கொடுத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போடுங்கள். எண்ணைத் தொடும் முன் "யாரிடம் அதிகம்?" என்று மட்டும் கேட்டு, இரண்டு கோடுகள், நீளமானது ஒன்று, குட்டை ஒன்று, வரையச் சொல்லுங்கள்.

இயற்கணிதத்தில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். "ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் 30ம = ஆ என்று எழுதுவார்கள்; பெரியவர்களும்தான். ம என்பதை மாணவர், ஆ என்பதை ஆசிரியர் என்று பொருளாக வைத்து வாக்கியத்தை வரிசையாக எழுதிவிட்டதால் வருவது. இங்கேயும் எண்ணைப் போடுங்கள்: ஆசிரியர் 2 பேர் என்றால் மாணவர் 60. 30ம = ஆ என்பதில் அதைப் போட்டால் 1800 = 2 என்று வருகிறது. எழுதியிருக்க வேண்டியது ம = 30ஆ.

அறிகுறி: வீட்டுப்பாடம் எல்லாம் சரி, பரீட்சையில் தப்பு

பதற்றம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பயிற்சி 3.2 என்ற தலைப்பின் கீழ் பத்துக் கணக்கும் ஒரே வகை. முதல் கணக்கு எப்படிப் போடுவது என்று தெரிந்தால் மற்ற ஒன்பதும் கை தானாக ஓடும். எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அங்கே புத்தகமே செய்துவிடுகிறது. பரீட்சையில் அதைப் பிள்ளை செய்ய வேண்டும். அப்படித் தேர்ந்தெடுப்பதை நாம் பழக்கவே இல்லை. ஆகவே ஒரு பாடத்தில் நான்கைந்து கணக்கு சரியாக வந்ததும் நிறுத்திவிட்டு, பழைய பாடங்களோடு கலந்து கொடுங்கள். முதலில் மதிப்பெண் குறையும். அதைப் பார்த்துப் பழைய முறைக்குத் திரும்பிவிட வேண்டாம். தினமும் கால் மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வேண்டாம்.

பல அறிகுறிகள் ஒன்றாகத் தெரிந்தால் மேலிருந்து இந்த வரிசையிலேயே பாருங்கள். கழித்தலும் வாய்ப்பாடும் ஆடிக்கொண்டிருக்கும்போது சமன்பாட்டைத் திருத்த உட்கார்ந்தால் இரண்டும் நடக்காது.

தொடங்குவதற்கு ஒரு கலந்த தாள்: 700 − 245; 918 ÷ 9; 1/3 + 1/6; −7 − 2; 18 − 5 + 3; 9 + 6 = □ + 7; 5(க − 2); 4க = 20. சரியான விடைகள் 455, 102, 1/2, −9, 16, 8, 5க − 10, க = 5. அதே வரிசையில், மேலே சொன்ன தப்பு விதிகளிலிருந்து வரக்கூடியவை 545, 12, 2/9, 9, 10, 15, 5க − 2, க = 16. பிள்ளை எழுதியது இந்த இரண்டாம் வரிசையில் இருந்தால் எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டிலும் இல்லாத விடை வந்தால் எதிரே உட்கார்ந்து "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேளுங்கள்; பதில் வரும் வரை பேனாவை நீங்கள் வாங்க வேண்டாம்.